வெள்ளை படர்ந்த சாக்லேட்

அப்பச்சியின் வலது கட்டைவிரலை நினைத்தால் இந்த வயதிலும் எனக்குக் கோபம் வருகிறது. விரல் என்ன பாவம் செய்தது என்று கேட்பீர்கள். செய்ததற்காக இல்லை. செய்ய வேண்டிய ஒரு நாளில் சும்மா இருந்ததற்காகத்தான் இந்தக் கோபம்.

எங்கள் நகரத்தார் வீடுகளில் அப்பாவை அப்பச்சி என்போம், அக்காவை ஆச்சி என்போம். எங்கள் அப்பச்சி மலாயாவில் ஈப்போ என்ற ஊரில் ஒரு கடைக்கு மேலாளாக இருந்தார். சில வருடங்களுக்கு ஒருமுறை விடுப்பில் வருவார். பினாங்கில் கப்பலேறி, நாகப்பட்டினத்தில் இறங்கி, ரயிலில் காரைக்குடிக்கு வந்து சேர்வார். அவருடைய டிரங்குப் பெட்டியின் அடியில் சேலைகளுக்கும் சென்ட் பாட்டில்களுக்கும் கீழே ஒரு தகர டப்பா இருக்கும். சிவப்பு டப்பா. மூடியில் ஒரு பனிமலையும் கழுத்தில் மணி கட்டிய ஒரு மாடும். வந்த மறுநாள் காலையில் வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தை ஒட்டிய கூடத்தில் உட்கார்ந்து ஆச்சியையும் என்னையும் கூப்பிட்டு மூடியைத் திறப்பார். உள்ளே சாக்லேட் துண்டுகள் மேலெல்லாம் சாம்பல் பூத்துக் கிடக்கும். ஒன்றை எடுத்துக் கட்டைவிரலை அதன் மேல் அழுத்தி, கொஞ்சம் பொறுத்து எடுப்பார். விரல் பட்ட இடத்தில் மட்டும் வெள்ளை மறைந்து கரும்பழுப்பாகப் பளபளக்கும்.

"பார்த்தியா ஆத்தா? பூஞ்சைன்னா விரல்ல ஒட்டிக்கிட்டு வரும். இது கரைஞ்சு போகுது பாரு. சாக்லேட்டுக்குள்ள இருக்கிற நெய்யி இது. கப்பல் வெக்கையில உருகி மேல வந்து ஒறைஞ்சிருக்கு. அம்புட்டுத்தான்." பெண் பிள்ளைகளை ஆத்தா என்றுதான் கூப்பிடுவார்.

உள்ளதைச் சொன்னால், சின்ன வயதில் எனக்கு இந்த விளக்கம் காதில் ஏறவில்லை. சாக்லேட் என்றாலே வெள்ளை படர்ந்துதான் இருக்கும் என்று நாங்கள் நினைத்து வளர்ந்தோம். எங்கள் வீட்டுக்கு வந்த ஒரே சாக்லேட் அதுதான். அந்த வெள்ளை திருநீறு என்பது என் கட்சி. கப்பலேறுமுன் அப்பச்சி முருகன் கோவிலுக்குப் போய்விட்டுத்தான் வருவார், டப்பாவையும் அங்கே வைத்துக் கும்பிட்டிருப்பார் என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். குன்றக்குடிப் பிரசாதத்தை வாங்குவது போல இரண்டு கையையும் நீட்டி வாங்கி, கண்ணில் ஒற்றி, பிறகுதான் வாயில் போடுவேன். ஒருமுறை மதுரையில் ஒரு கடையின் கண்ணாடிக்குள் பழுப்பாகப் பளபளவென்று சாக்லேட் இருந்ததைப் பார்த்து, "பாவம் ஆச்சி, இதைச் சாமிகிட்டக் காட்டவே இல்லை போல" என்றேன். ஆச்சி கடைவீதி என்றும் பாராமல் சிரித்தாள். அவளுக்கு என்னைவிட இரண்டு வயது அதிகம். அப்பச்சி சொன்னதெல்லாம் அவள் காதில் ஏறியிருந்தது.

அப்பச்சிக்குச் சாக்லேட்டைப் பற்றித் தெரியாத சங்கதியே கிடையாது. அவர் கடைக்கு எதிரே ஒரு சீனர் பிஸ்கட்டும் சாக்லேட்டும் மொத்தமாக இறக்கி விற்று வந்தார். அங்கே வந்து குவியும் ஆங்கிலப் பத்திரிகைகளை வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பாராம். விடுப்பில் வந்தால் பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் அதுதான் விருந்து. மெக்சிகோப் பக்கம் ஒரு காலத்தில் கொக்கோ விதைதான் சில்லறைக் காசு என்பார். அதிலும் கள்ளக் காசு உண்டாம். விதையைக் குடைந்து மண்ணை அடைத்து, தோலை ஒட்டிச் சந்தையில் தள்ளிவிடுவார்களாம். அந்த ஜனங்கள் சாக்லேட்டைத் தின்றதே இல்லை, குடித்தார்கள். சர்க்கரை கிடையாது, மிளகாய் போட்டு அரைத்துக் குடித்தார்கள். அவர்களுக்கு நுரைதான் முக்கியம். அதற்காக ஆள் உயரத்தில் பிடித்த ஒரு பாத்திரத்திலிருந்து கீழே இன்னொன்றில் ஊற்றுவார்களாம். அதை டீக்கடைக்காரர் மாதிரி இரண்டு பித்தளைச் செம்பை வைத்து ஆற்றிக் காட்டுவார். தரையெல்லாம் தண்ணீராகும். துடைக்கிறவர்கள் நாங்கள்.

விரதக் கதை அவருக்கு ரொம்பப் பிடித்தது. விரத நாளில் சாக்லேட் குடிக்கலாமா கூடாதா என்று சீமைப் பாதிரிமார் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டார்களாம். குடிப்பது சாப்பாடு ஆகாது என்பது ஒரு கட்சி. அந்தக் கட்சியின் பலத்தில் அப்பச்சி கந்தசஷ்டி விரதத்தில் காலையும் மாலையும் கொக்கோ குடிப்பார். "ரோமாபுரியிலேயே ஒத்துக்கிட்டாக" என்பார். "முருகன் ஒத்துக்கிட்டாரான்னு கேட்டீகளா?" என்று அம்மா கேட்பாள். அதற்கு மட்டும் அவரிடம் பத்திரிகை இல்லை.

இன்னொரு கதையும் சொல்வார். மெக்சிகோவில் ஏதோ ஒரு ஊரில் பணக்கார வீட்டுப் பெண்களுக்குக் கோவிலில் பூசை நடக்கும்போதே வேலைக்காரிகள் சூடாகச் சாக்லேட் கொண்டுவந்து கொடுப்பார்களாம். பெரிய பாதிரியார் கூடாது என்று தடை போட்டார். பெண்கள் அசரவில்லை. அந்தக் கோவிலை விட்டுவிட்டு வேறு கோவிலுக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். கொஞ்ச நாளில் பெரிய பாதிரியார் செத்துப்போனார். அவர் குடித்த சாக்லேட்டில்தான் விஷம் என்று ஊர் பேசிக்கொண்டதாம். நெசமோ பொய்யோ என்று அப்பச்சி விழுந்து விழுந்து சிரிப்பார். ஆச்சி சிரிக்கவில்லை. "அந்தப் பொம்பளைகளை அவுக அப்பச்சிமாரு ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டாள். அப்பச்சி இன்னும் பலமாகச் சிரித்தார்.

அறுபதுகளின் நடுவில், ஒரு வைகாசியில் ஆச்சிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு தேவகோட்டை. எங்கள் கல்யாணங்களில் சாமான் பரப்புவது என்று ஒன்று உண்டு. பெண்ணுக்குக் கொடுக்கும் சீர் அத்தனையையும் வந்தவர்கள் பார்க்கும்படி வளவில் வரிசையாகப் பரப்பி வைக்க வேண்டும். வெள்ளி, பித்தளை, எவர்சில்வர், பீங்கான் பூச்சுப் போட்ட மங்குச் சாமான், பாய், தலையணை, அரிவாள்மணை, ஊசி, நூல் வரைக்கும் இருக்கும். உறவுக்காரப் பெண்கள் கூட்டமாக வந்து தொட்டுப் பார்த்து, தட்டிப் பார்த்து, தூக்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். அந்தப் பரப்புக்கு நடுவில் அப்பச்சி தன் கையால் சிவப்பு டப்பாவை வைத்தார். அந்த வருடம் கொண்டுவந்ததில் பெரியது. ஊரில் யார் வீட்டுப் பரப்பிலும் சாக்லேட் இல்லை என்று அவருக்குப் பெருமை.

மாப்பிள்ளையின் தாயார் முன்னே வர, பின்னே ஒரு படையே வந்தது. அந்த அம்மாள் கல்யாணமான புதிதில் ரங்கூனில் இருந்தவர். சாக்லேட் எப்படி இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும், எங்கள் வெயிலில் அது என்ன ஆகும் என்று தெரியாது. டப்பாவைத் திறந்தார். திறந்தவர் ஒரு துண்டை இரண்டு விரல் நுனியில், செத்த பல்லியைத் தூக்குவது போலத் தூக்கினார்.

"என்ன அண்ணே இது? பூஞ்சை புடிச்ச பண்டத்தையா சீருன்னு அடுக்கி வச்சிருக்கீக? எங்க வீட்டை என்னன்னு நெனச்சீக?"

ஆச்சி நகையும் பட்டுமாக, தலை குனிந்து நின்றிருந்தாள். கல்யாணப் பெண் வாய் திறக்கும் இடம் இல்லை அது. ஆனாலும் திறந்தாள். அவள் குரலில் துடுக்கு இல்லை. தெரிந்ததைத் தெரியாதவருக்குச் சொல்லும் குரலில்தான் சொன்னாள்.

"அது கெடலை அயித்தை. வெயிலுக்கு உள்ள இருக்கிற நெய்யி மேல வந்திருக்கு. விரலை வச்சுப் பாருங்க, கரைஞ்சிரும்."

சொல்லிவிட்டு அப்பச்சியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இனி அவர் பார்த்துக்கொள்வார் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம். மெக்சிகோ என்ன, ரோமாபுரி என்ன, யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொன்ன மனிதர். அவர் இரண்டு அடி எடுத்து வைத்து அந்த விரலை அந்தச் சாக்லேட்டின் மேல் வைத்தால் போதும், பேச்சே தேவையில்லை. அப்பச்சி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். காலடியில் பதித்திருந்த ஆத்தங்குடித் தரைக்கல்லின் பூ வேலையைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"சின்னப் பிள்ளை, தெரியாமப் பேசுது. கெட்டுத்தான் போச்சு. மனசுல வச்சுக்காதீக."

பண்டம் கெட்டது என்று சொன்னதோடு விட்டிருந்தால்கூட நான் இத்தனை வருடம் கொதித்திருக்க மாட்டேன். உண்மை சொன்ன மகளை, நாலு பேருக்கு முன்னால், அவள் புகப்போகும் வீட்டாருக்கு முன்னால், பொய் சொல்கிறவளாக ஆக்கினார். அதுவும் தானே கற்றுக்கொடுத்த உண்மை. ஆச்சி நிமிர்ந்து அவரை ஒரு தடவை பார்த்தாள். அதற்குப் பிறகு அந்தக் கல்யாணத்தில் அவள் யாரையும் நிமிர்ந்து பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

சாக்லேட்டைக் கொண்டுபோய்க் கொல்லையில் கொட்டினார்கள். டப்பாவைக் கொட்டவில்லை. டப்பா நன்றாக இருக்கிறதே என்று கழுவித் துடைத்து மறுபடி பரப்பில் வைத்தார் மாப்பிள்ளையின் தாயார். அது தேவகோட்டைக்குப் போனது. நான் அன்று சாயங்காலம் கொல்லைக்குப் போய், வாழை மரத்தடியில் கிடந்ததில் மண் படாத ஒரு துண்டை எடுத்துத் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. எப்போதும் போலவே இருந்தது. அழுதுகொண்டே இன்னொரு துண்டும் தின்றேன்.

எங்கள் பக்கம் மகனுக்குக் கல்யாணமானால் கொஞ்ச காலத்தில் அதே வீட்டுக்குள்ளேயே அவனுக்குத் தனி அடுப்பும் தனிச் சாமான் அறையும் கொடுத்து 'வேறு வைத்து' விடுவார்கள். மருமகள் தன் விருப்பப்படி ஆக்கித் தின்னலாம். மாமியாரும் மருமகளும் ஒரே கூரையின் கீழ் சண்டையில்லாமல் இருக்கப் பெரியவர்கள் கண்ட வழி. ஆச்சிக்குப் பின்னால் அந்த வீட்டுக்கு வந்த இளைய மருமகளை வேறு வைத்தார்கள். ஆச்சியை வைக்கவில்லை. கேட்டதற்கு மாமியார் சொன்ன பதில், "கெட்டது எது நல்லது எதுன்னு தெரியாத கையில அடுப்பைக் குடுக்கச் சொல்லுறீகளா?" அத்தான் சென்னையில் வேலை பார்த்தார். எப்போதாவது ஊருக்கு வந்து, தாயார் சொல்வதற்குத் தலையை ஆட்டிவிட்டு ரயிலேறிவிடுவார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்குத் தேவகோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை கிடைத்தது. காரைக்குடியில் இருந்து பஸ்ஸில் போய்வருவேன். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் சில நாட்கள் ஆச்சியைப் பார்க்கப் போவேன். அங்கே அவள் வார்த்தைக்கு இருந்த மதிப்பை என் கண்ணால் பார்த்தேன். ஒரு தீபாவளிக்கு முறுக்குச் சுட எண்ணெய் எடுத்தார்கள். ஆச்சி முகர்ந்து பார்த்துவிட்டு, "எண்ணெய் காறிப் போயிருக்கு அயித்தை" என்றாள். "பூஞ்சையையே நல்லா இருக்குன்னவ நீ. ஒன் மூக்கை நம்பவா?" என்றார் மாமியார். சுட்டார்கள். ஒரு முறுக்கை வாயில் வைக்க முடியவில்லை. பிறகு, எண்ணெயை மூடி வைக்காதவள் ஆச்சிதான் என்று முடிவானது. இதெல்லாம் நடந்த சமையற்கட்டின் பரணில் அந்தச் சிவப்பு டப்பா அப்பளம் அடைத்து உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு நாளும் அப்பளம் பொரிக்க அவள்தான் அதை இறக்க வேண்டும்.

அந்த மெக்சிகோப் பெண்கள் கோவிலையே மாற்றினார்கள். என் ஆச்சியால் ஓர் அடுப்பை மாற்ற முடியவில்லை. மாமியார் படுத்த படுக்கையான பிறகுதான் அவளுக்கென்று அடுப்பு மூட்டினாள். அதற்குள் அவள் பேச்சைக் குறைத்திருந்தாள். இது நன்றாக இருக்கிறது, இது கெட்டுவிட்டது என்று எதைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்வதில்லை. கேட்டால், "நீங்களே பார்த்துக்கங்க" என்பாள்.

அப்பச்சி மலாயாவை முடித்துக்கொண்டு ஊரோடு வந்த பிறகு ஒருநாள் நேராகக் கேட்டேன். காலை நேரம், கொக்கோ குடித்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு ஏன் சொல்லலை அப்பச்சி? ஒங்களுக்குத்தான் தெரியுமே."

எதைப் பற்றிக் கேட்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. அதிலிருந்தே எனக்கு விளங்கிவிட்டது, அவரும் மறக்கவில்லை என்று.

"பொண்ணைக் குடுக்கிற எடத்துல போயி நம்ம அறிவைக் காட்டக் கூடாது ஆத்தா. அவுக சொன்னதைத் தப்புன்னு சபையில சொன்னா, அவுகளுக்குத் தலையிறக்கம். அந்தக் கோவத்தை யார் மேல காட்டுவாக? நாம பணிஞ்சு போயிட்டா பொண்ணு நல்லா இருக்கும்னு நெனச்சேன்."

"நல்லா இருக்காளா?"

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். அதற்குள் வாசலில் யாரோ வந்தார்கள். சற்று நேரத்தில், கொக்கோ மரத்தில் காய் கிளையில் தொங்காது, அடிமரத்திலேயே பலாக்காய் மாதிரி ஒட்டிக்கொண்டு காய்க்கும் என்று அவர் சொல்வது கேட்டது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

பணிவாம். பணிவு என்றால் தன் தலையைக் குனிவது. பிள்ளையின் தலையைப் பிடித்து அமுக்குவதற்கு எந்த ஊரில் பணிவு என்று பெயர்? அவர் கெட்டவர் இல்லை. எங்களை அடித்ததில்லை, எங்களைப் படிக்க வைத்தார், கடைசிக் காலத்தில் ஆச்சியின் பிள்ளைகளைத் தோளில் தூக்கிச் சுமந்தார். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம். கெட்ட மனிதரை என்றால் தலை முழுகிவிட்டுப் போயிருப்பேன். எழுபதுகள் முடிவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் சொன்ன பதிலை நான் ஆச்சியிடம் சொல்லவில்லை. சுமக்கிறவள் தலையில் இன்னொன்றை எதற்கு ஏற்ற வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

போன வருடம் சித்திரையில் ஆச்சியின் பேரனுக்குக் கல்யாணம். நடந்த இடம் அதே தேவகோட்டை வீடு. பங்காளிகள் சேர்ந்து அதை ஹோட்டல்காரர்களுக்கு விட்டு வெகு நாளாகிறது. முகப்பில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய சாமான்களை வைத்திருக்கிறார்கள். பாக்குவெட்டிக்கும் ஒரு மரப்பொம்மைக்கும் நடுவில் சிவப்பு டப்பா இருந்தது. மாட்டின் முகம் துருப்பிடித்திருந்தது. கீழே ஒரு அட்டையில், 'நகரத்தார் இல்லத் திருமணச் சீரின் பெருமை' என்று எழுதியிருந்தார்கள். எனக்குக் கண்ணாடியை உடைக்கலாம் போல இருந்தது.

சாப்பாட்டு மேசையில் ஆளுக்கொரு சின்னப் பெட்டியில் சாக்லேட் வைத்திருந்தார்கள். பெட்டிக்குள் ஒரு சீட்டு. 'உங்களுக்குத் தெரியுமா? ஒரு காலத்தில் கொக்கோ விதை பணமாகப் பயன்பட்டது.' எனக்கா தெரியாது? நான் பெட்டியைத் தள்ளி வைத்தேன். எனக்குப் பக்கத்தில் ஆச்சி. எதிர்ப் பக்கத்தில் யாரோ ஒரு பெண், "என்ன இது, பூஞ்சை புடிச்சிருக்கு?" என்றாள். சித்திரை வெயில் இந்த ஊருக்குப் புதிதா? எல்லாப் பெட்டியிலும் வெள்ளை படர்ந்திருந்தது. ஆச்சியின் கை இலையின் மேல் நின்றுவிட்டது.

கல்யாணப் பெண் இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்தாள். மாலையை ஒதுக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"பூஞ்சை இல்லைங்க. வெயிலுக்கு உள்ள இருக்கிற கொழுப்பு மேல வந்திருக்கு. தொட்டுப் பாருங்க, போயிரும். தாராளமா சாப்பிடலாம்."

"அப்படியா, நல்லவேளை. நான்கூட மாத்தச் சொல்ல இருந்தேன்" என்றாள் அவளுடைய மாமியார், ஆச்சியின் மருமகள். சொல்லிக்கொண்டே ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். எல்லோரும் தின்றார்கள். பேச்சு பாயசத்துக்குப் போய்விட்டது. இவ்வளவுதான் நடந்தது.

ஆச்சி தன் பெட்டியைத் திறந்தாள். தன் கல்யாணத்துக்குப் பிறகு அவள் சாக்லேட்டைத் தொட்டு நான் பார்த்ததில்லை. ஒரு துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து, அதன் மேல் கட்டைவிரலை அழுத்தினாள். வயதான விரல், சூடு குறைவு, நேரம் பிடித்தது. எடுத்தபோது அந்த இடம் மட்டும் கரும்பழுப்பாகத் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்.

"ஏன்டி, அன்னைக்கு அப்பச்சிக்கு இது மறந்து போச்சோ?"

ஆமாம் என்று சொல்லிவிடுவது சுலபம். வயதான காலத்தில் அவளுக்கு ஒரு ஆறுதலாகவும் இருந்திருக்கும். என்னால் முடியவில்லை. அந்த வீட்டில் அவளுக்கு முன்னால் இன்னொரு முறை பொய்யா?

"மறக்கலை ஆச்சி. நல்லாத் தெரியும் அவுகளுக்கு. தெரிஞ்சுதான் அப்படிச் சொன்னாக."

ஆச்சி தலையை ஆட்டினாள்.

"எனக்கும் தெரியும்டி. இத்தனை வருசத்துல யாராச்சும் ஒருத்தராவது வாயைத் தொறந்து சொல்லுறீகளான்னு பார்த்தேன்."

பிறகு அந்தத் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.